தாலி கட்டியவள் மனைவி இல்லையா? 1913 தீர்ப்பும் நம்ம ஊர்ப் பெண்களும்

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு சின்ன அம்மன் கோயிலில், நான்கு நண்பர்கள் முன்னிலையில் தாலி கட்டிக்கொண்டார். சாதி வேறு என்பதால் இரண்டு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அண்ணன் இப்போது சிங்கப்பூரில் நல்ல வேலையில் இருக்கிறார். தானும் அங்கே போய்விடலாம் என்று அக்கா முடிவு செய்தார். நான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்பதால், விசாவுக்கு என்னென்ன வேண்டும் என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

பார்த்தேன். முதலிலேயே இடித்தது. சிங்கப்பூரில் டிபென்டன்ட் பாஸ் என்பது சட்டப்படி மணந்துகொண்ட மனைவிக்கும் (அல்லது கணவனுக்கும்) பிள்ளைகளுக்கும்தான். திருமணச் சான்றிதழ் வைக்க வேண்டும். அக்காவிடம் சான்றிதழ் இல்லை. பதிவு செய்யவில்லை. கோயிலில் ரசீதுகூடப் போடவில்லை. பத்திரிகை அடித்த கல்யாணமா அது! பதிவில்லாத துணைக்கு லாங் டெர்ம் விசிட் பாஸ் என்று வேறொன்று இருக்கிறது, அதற்கும் சம்பள வரம்பு உண்டு என்று விளக்கினேன். அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை.

"அப்ப நான் யாருடா தம்பி அவருக்கு?" என்று கேட்டார். கழுத்துச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது. வரலாறு படிக்கிறவனுக்கு இது ஒரு வியாதி. இரவு புத்தகத்தைப் புரட்டியபோது கிடைத்துவிட்டது. இதே கேள்வியை 1913 இல் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான பெண்கள் கேட்டிருக்கிறார்கள். கேட்டதோடு நிற்கவில்லை, கைக்குழந்தையோடு ஜெயிலுக்கும் போனார்கள். அதில் நம் காவிரிக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். 1911 இல் இந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாகத்தான். நெற்களஞ்சியம் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் தஞ்சை ஜில்லாவிலிருந்தும் போனார்கள். நெல் விளைந்தது உண்மை. அது யார் களஞ்சியத்துக்குப் போனது என்று கேட்டால்தான் பண்ணையாள் ஏன் கப்பல் ஏறினான் என்பது புரியும். நம் பக்கத்து ஆட்கள் அதிகம் போனது நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்கு. பர்மா, இலங்கை என்றும் போனார்கள். ஆப்பிரிக்கா போனவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் குறைவு.

கூலிகளுக்குப் பின்னால் வியாபாரிகளும் சிறு கடைக்காரர்களும் சொந்தச் செலவில் போனார்கள். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பம் ஜோகன்னஸ்பர்க்கில் சின்னக் கடை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. தில்லையாடி என்றதும் உங்களுக்குப் பெயர் ஞாபகம் வந்திருக்கும். அந்தப் பெண்ணிடம் பிறகு வருகிறேன்.

இப்படிப் போனவர்களின் கல்யாணம் எப்படி நடந்தது? ஊரில் நடந்த மாதிரிதான். தாலி, மாலை, மஞ்சள், நான்கு பெரியவர்கள். ஊர் அறிந்த கல்யாணத்துக்குத் தனியாகச் சாட்சி எதற்கு? ஒப்பந்தக் கூலிகளுக்கு மட்டும் நேட்டாலில் 1891 சட்டப்படி ஒரு பதிவு முறை இருந்தது. மற்றவர்களுக்குக் காகிதம் என்ற பேச்சே இல்லை. ஆண் முதலில் போய் வேலை தேடிக்கொள்வான், கையில் நாலு காசு சேர்ந்ததும் மனைவியைக் கூப்பிட்டுக்கொள்வான். தென்னாப்பிரிக்கக் குடியேற்றச் சட்டங்களும் இதற்கு ஓர் ஓரத்தில் வழி வைத்திருந்தன. இந்தியர்கள் புதிதாக நுழையத் தடை. ஆனால் அங்கே குடியிருப்பு உரிமை பெற்றவரின் 'மனைவியும் மைனர் பிள்ளைகளும்' வரலாம்.

இந்த 'மனைவி' என்ற ஒரு சொல்லில்தான் வினை வந்தது.

ஹசன் ஈசப் என்பவர் கேப் பகுதியில் குடியிருந்த ஒரு இந்திய முஸ்லிம். இந்தியாவில் பாய் மரியம் என்ற பெண்ணை முஸ்லிம் முறைப்படி மணந்திருந்தார். அந்தப் பெண் கணவரிடம் வந்து சேர முயன்றபோது அதிகாரிகள் அனுமதி மறுத்தார்கள். ஈசப் கோர்ட்டுக்குப் போனார். 1913 மார்ச் 14 அன்று கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மால்கம் சேர்ல் தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு மதத்தின் முறைப்படி நடந்த கல்யாணத்தை இந்த நாட்டுச் சட்டம் கல்யாணமாக ஏற்காது. ஆகவே குடியேற்றச் சட்டம் சொல்லும் 'மனைவி' என்பதில் இந்தப் பெண் அடங்க மாட்டார். சுருக்கமாக இதுதான்.

நன்றாகக் கவனியுங்கள். ஈசப்புக்கு எத்தனை மனைவி என்பது கேள்வியே இல்லை. அவர் மதம் ஒன்றுக்கு மேல் அனுமதிக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் இந்துச் சட்டமும் ஆணுக்குப் பலதாரத்தை அனுமதித்தது (1955 வரை அப்படித்தான்). ஆக, ஏகபத்தினி விரதனாக வாழ்ந்த ஒரு தமிழனின் மனைவியும் இந்தத் தர்க்கப்படி சட்டத்தில் மனைவி இல்லை. சேர்ல் இதைத் தானாகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1866 இல் இங்கிலாந்தில் 'ஹைட் எதிர் ஹைட்' என்று ஒரு வழக்கு. மார்மன் மதத்துக் கல்யாணம் ஒன்று பற்றியது. மற்றவர்களை விலக்கி, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் ஆயுள்முழுக்கச் சேர்ந்திருப்பதே கல்யாணம் என்று அதில் ஒரு இலக்கணம் வகுத்தார்கள். அந்த இலக்கணம் கடல் கடலாகத் தாண்டி வந்து நம் ஊர்த் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டது.

யாருக்குப் பாதிப்பு இல்லை தெரியுமா? சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டவர்களுக்கு. இதை யோசித்தபோது எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. சீகன்பால்கு 1706 இல் வந்து இறங்கிய ஊர். 1718 இல் கட்டி முடித்த புது எருசலேம் ஆலயம் இன்றைக்கும் இருக்கிறது. தில்லையாடியிலிருந்து அங்கே நடந்தே போகலாம். ஆலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்ட ஒரு ஜோடியும், தில்லையாடியில் தாலி கட்டிக்கொண்ட ஒரு ஜோடியும் ஒரே கப்பலில் போய் இறங்கியிருந்தால், முதல் பெண் மனைவி, இரண்டாமவள் யாரோ ஒருத்தி. இரண்டு பேரும் ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள்.

தீர்ப்பு வந்த மாதக் கடைசியிலேயே ஜோகன்னஸ்பர்க்கில் பெரிய கண்டனக் கூட்டம் நடந்தது. மே மாதம் டிரான்ஸ்வால் இந்தியப் பெண்கள் சங்கம் உள்துறை அமைச்சருக்குத் தந்தி அடித்தது. இந்த அவமானத்தைப் பொறுத்துக்கொண்டிருப்பதைவிடச் சிறைக்குப் போவோம் என்று அதில் சொன்னார்கள். தந்தியை அனுப்பியவர் சங்கத்தின் செயலாளரும் காந்தியின் காரியதரிசியுமான சோன்யா ஷ்லேசின். அவர் இந்தியரும் இல்லை, கல்யாணம் ஆனவரும் இல்லை!

காந்தி இதைக் கஸ்தூரிபாவிடம் சொன்ன கதை பிரசித்தம். பீனிக்ஸ் குடியிருப்பில் அடுப்படி வேலை நடக்கும்போது, "இன்றிலிருந்து நீ என் மனைவி இல்லை, தெரியுமா?" என்று ஆரம்பித்தாராம். கூட இருந்த ஒருவர் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார். கஸ்தூரிபாவுக்குக் கோபம் வந்தது. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டதும், நாமும் ஜெயிலுக்குப் போகலாம் என்றார். காந்தி கிண்டலாகச் சொன்னாரோ, திட்டமிட்டே தூண்டினாரோ, எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 1913 இல் கொண்டுவந்த புதிய குடியேற்றச் சட்டத்தில், எந்த மத முறைப்படி நடந்தாலும் சரி, 'ஒருதார'க் கல்யாணமாக இருந்தால் மனைவியை விடலாம் என்று ஒரு திருத்தம் சேர்த்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மதமே பலதாரத்தை அனுமதிக்கிறது என்றால் அந்தக் கல்யாணம் எப்படி ஒருதாரமாகும்? வாசலைத் திறந்துவிட்டு நிலைப்படியை உயர்த்தின கதைதான்.

செப்டம்பரில் போராட்டம் தொடங்கியது. பீனிக்ஸிலிருந்து 16 பேர் கொண்ட குழு எல்லை தாண்டிக் கைதானது. கஸ்தூரிபா உட்பட நான்கு பெண்கள் அதில் இருந்தார்கள். நம் கதைக்கு முக்கியமானது இன்னொரு குழு. டால்ஸ்டாய் பண்ணையோடு தொடர்புடைய 11 பெண்கள். பத்துப் பேர் தமிழர்கள். தம்பி நாயுடுவின் மனைவி, பி.கே. நாயுடுவின் மனைவி, முருகேச பிள்ளையின் மனைவி, சின்னசாமி பிள்ளையின் மனைவி என்று காந்தி பட்டியல் தந்திருக்கிறார். பாருங்கள், மனைவி என்ற சொல்லுக்காகப் போராடியவர்களின் பெயரே வரலாற்றில் 'இன்னாரின் மனைவி' என்றுதான் நிற்கிறது. ஆறு பேர் கையில் குழந்தை.

இவர்கள் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினார்கள், போலீஸ் பிடிக்கவில்லை. லைசென்ஸ் இல்லாமல் தெருவில் கூடை வைத்து வியாபாரம் செய்தார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. பெண்களைக் கைது செய்தால் வம்பு என்று அரசாங்கத்துக்குத் தெரியும். கடைசியில் நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் போய்ப் பேசினார்கள். தமிழும் தெலுங்கும் பேசும் கூலிகள் நிறைந்த ஊர் அது. ஒப்பந்தம் முடிந்த ஒவ்வொருவரும் வருடம் 3 பவுன் வரி கட்ட வேண்டும் என்ற சட்டம் 1895 இலிருந்து இருந்தது. பிறகு பிள்ளைகளுக்கும் நீட்டினார்கள். தொடக்கத்தில் மாதக் கூலியே 10 ஷில்லிங் என்றால், 3 பவுன் என்பது ஆறு மாதச் சம்பளம். பெண்கள் போய்ப் பேசினதும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்டோபர் 21 அன்று அந்த 11 பேரையும் பிடித்து மூன்று மாதக் கடுங்காவல் கொடுத்தார்கள். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

நியூகாசிலில் காந்தி தங்கியது லாசரஸ் என்ற தமிழ்க் கிறிஸ்தவரின் வீட்டில். இரண்டு மூன்று அறை கொண்ட சின்ன வீடு, வேலைநிறுத்தக்காரர்கள் வந்து குவிந்து சத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மேலே சொன்னேனே, கிறிஸ்தவக் கல்யாணத்துக்குத் தீர்ப்பால் ஆபத்தில்லை என்று. அப்படிப்பட்ட குடும்பம்தான் மற்றவர்களுக்காகச் சொத்தையும் பாதுகாப்பையும் பணயம் வைத்தது. பாடப்புத்தகத்தில் இந்தப் பெயரை நான் பார்த்ததில்லை.

நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து கிளம்பிய நடைப்பயணத்தில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில். இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி. அந்தத் தாய்மார்கள் பிணத்தை வைத்துக்கொண்டு அழுது நிற்காமல் நடந்தார்கள் என்று காந்தி எழுதியிருக்கிறார். இந்த இடத்தை என்னால் வேகமாகத் தாண்ட முடியவில்லை.

இங்கே சென்னையிலும் சூடு பிடித்தது. நவம்பர் 24 அன்று சென்னைக்கு வந்திருந்த வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபுவே தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசினார். லண்டனில் அது பெரிய பரபரப்பானது.

இப்போது வள்ளியம்மை. நிறையப் பேர் அவரை அந்த 11 பெண்களில் ஒருவர் என்று எழுதுகிறார்கள். காந்தியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் பிந்திய அலையில் தாய் மங்களத்தோடு சேர்ந்தவர். 1913 டிசம்பரில் மூன்று மாதத் தண்டனை. சிறையிலேயே காய்ச்சல் பிடித்து, வெளியே வந்தும் தீராமல், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். பிறந்தது 1898 பிப்ரவரி 22 என்பதால் சரியாகப் பதினாறு வயது. படுக்கையில் கிடந்தவரிடம் சிறை போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டதும், இப்போது கூப்பிட்டாலும் போவேன் என்று அவர் சொன்னதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் யோசிப்பது வேறு. வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். அவருக்கு எந்த விசாவும் தேவையில்லை. கல்யாணமும் ஆகவில்லை. அந்தத் தீர்ப்பு நேரடியாக அவரைத் தொடவே இல்லை. தொட்டது அவருடைய அம்மாவை. அம்மா மனைவி இல்லை என்றால் மகள் யார்? பதினைந்து வயதுப் பெண் சிறைக்குப் போனதற்கு தேசபக்தி என்று ஒரே வார்த்தையில் காரணம் சொல்லிவிடுகிறோம். அதில் இந்தக் கேள்வியும் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1914 இல் இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. 3 பவுன் வரி ஒழிந்தது. இந்திய மத முறைக் கல்யாணத்தைப் பதிவு செய்யலாம், நம் பூசாரிகளையும் மௌல்விகளையும் திருமண அலுவலராக நியமிக்கலாம், ஒரு மனைவியை அழைத்துவரலாம் என்று ஆனது. காந்தி ஜூலை 18 அன்று கப்பலேறினார். அதற்கு மூன்று நாள் முன்னால் பிராம்ஃபோன்டீன் கல்லறையில் நாகப்பன், வள்ளியம்மை இருவரின் நினைவுக்கல்லையும் திறந்துவைத்தார். அடுத்த வருடம் தில்லையாடிக்கே வந்தார்.

வெற்றிதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை, இதைத்தான் அக்காவிடம் நான் சொல்ல விரும்பினேன். 1918 இல் லண்டனில் நடந்த பேரரசு போர் மாநாட்டில், பேரரசின் நாடுகளில் குடியேறிய இந்தியர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு நிபந்தனை. ஒரு மனைவி மட்டும். அவள் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசாங்கம் சான்றளிக்க வேண்டும். ஆக, ஊரறியத் தாலி கட்டியிருந்தாலும் சர்க்கார் காகிதம் ஒன்று வேண்டும். இன்றைக்கு வெளிநாடு போகும் பெண்கள் திருமணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முத்திரைக்காக ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறார்களே, அந்தக் காகிதத்தின் கொள்ளுப்பாட்டி இதுதான் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா 1953 இல் அந்தக் கதவையும் சாத்தியது. இந்தியாவில் மணந்த மனைவியை அழைத்துவரும் உரிமையைச் சட்டம் போட்டு நீக்கியது. அதே 1953 இல் நம் சென்னை உயர்நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது! தெய்வானை ஆச்சி வழக்கு என்று பெயர். சடங்கு இல்லை, அந்த முறையை ஏற்கும் வழக்கமும் இல்லை, ஆகவே கல்யாணம் இல்லை. 1928 இலிருந்து மாலை மாற்றிக்கொண்டு வாழ்ந்துவந்த அத்தனை ஜோடிகளும் ஒரே நாளில் 'மணமாகாத துணை'களானார்கள். சேர்ல் செய்ததை அந்நியன் செய்தான் என்று திட்டுகிறோம், இதை யாரிடம் போய்ச் சொல்வது? அண்ணா ஆட்சியில் 1967 இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, 1968 ஜனவரியில் அது அமலாகி, பழைய கல்யாணங்களும் செல்லும் என்றான பிறகுதான் நிம்மதி.

மற்ற நாடுகள் பற்றி ஒரு வார்த்தை. 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஒரு இந்திய ஆசிரியை வந்திறங்கினார். வயது 35. அங்கிருந்தவரை மணக்க வந்தவர். நிச்சயிக்கப்பட்ட பெண் என்றால் அப்போது முன்கூட்டி விசா தேவையில்லை, மனைவி என்றால் தேவை. இவர் ஏற்கெனவே மணமானவரோ என்று சந்தேகப்பட்டு, கன்னித்தன்மைப் பரிசோதனை என்ற பெயரில் அவர் உடம்பையே சோதித்தார்கள். பிப்ரவரி 1 அன்று கார்டியன் பத்திரிகை வெளியிட்டதும் நாடே அதிர்ந்தது. 1913 இல் மனைவி என்று நிரூபிக்க முடியவில்லை, 1979 இல் மனைவி இல்லை என்று நிரூபிக்கச் சொன்னார்கள். இன்றைக்குப் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா மூன்றிலும் மணமாகாத துணைக்கே விசா வழி இருக்கிறது. கனடாவில் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தம், சேர்ந்த வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள். நம் ஊரில் தாலி கட்டாத ஜோடிக்கு ஒன்றாக வீடு யார் தருவார்கள், இந்தக் காகிதமெல்லாம் எங்கிருந்து வரும் என்பது அந்த விதி எழுதினவர்களுக்குத் தெரியாது.

இவ்வளவையும் அக்காவிடம் சொன்னேன். சொன்னது கொஞ்சம் நீளம்தான், நடுவில் இரண்டு தடவை எழுந்துபோய் உலையைப் பார்த்துவிட்டு வந்தார். வள்ளியம்மை கதையில் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, பதிவு பண்ணுவதற்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டுமா, அவர் ஒருவர் மட்டும் சிங்கப்பூரிலிருந்து எழுதிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டார். நேரில் வரத்தான் வேண்டும் என்றேன். கோயில் ரசீது கேட்பார்கள், இல்லையென்றால் வேறு சாட்சி கேட்பார்கள் என்றும் சொன்னேன்.

அண்ணனுக்குப் பொங்கலுக்கு ஐந்து நாள் லீவு கிடைத்திருக்கிறதாம். அதில் அலுவலகம் திறந்திருப்பது எத்தனை நாள் என்று இப்போது காலண்டரில் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்குக் கோயிலில் நின்ற நான்கு நண்பர்களில் மூன்று பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நான்காமவர் துபாயில் இருக்கிறார்.